மரை பொருந்தாத மிதிவண்டி

சென்ற ஐப்பசியில், மழை சற்று விட்டிருந்த ஒரு மாலையில், என் மாணவி ஒருத்தி பழைய பந்தய சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு பண்டசோழநல்லூரில் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். ஆட்டுக்கொம்புபோல் கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி, ஒல்லியான டயர்கள், பின்சக்கரத்தில் அடுக்கிவைத்தாற்போல் ஐந்து பற்சக்கரங்கள். அவளுடைய தாத்தா ஒரு ‘சொல்தா’. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியவர். 1970களில் திரும்பி வந்தபோது கூடவே கொண்டுவந்த பெழோ சைக்கிள் அது. அவர் காலமான பிறகு நெல் மூட்டைகளுக்குப் பின்னால் பல ஆண்டுகள் சாய்ந்து கிடந்திருக்கிறது.

“சார், இது நல்ல சைக்கிளா, மோசமான சைக்கிளா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க” என்றாள்.

பழம்பொருள் வாங்கும் ஒருவர், “உலகப் பந்தயங்களில் ஓடிய வண்டியின் தம்பி இது, சுவரில் மாட்டி அழகு பார்க்க வேண்டியது” என்று நல்ல விலை பேசியிருக்கிறார். ஊர் சைக்கிள் கடை அண்ணனோ, “எந்தச் சாமானும் சேராது, எடைக்குப் போட்டுடும்மா” என்று சொல்லிவிட்டார். அவளுக்கு இரண்டும் சம்மதமில்லை. “எனக்கு இதை ஓட்டிக்கிட்டு காலேஜுக்கு வரணும் சார்” என்றாள்.

கவிதைக்கும் நாடகத்துக்கும் விமரிசனம் எழுதுகிறோம். ஓர் இயந்திரத்துக்கு ஏன் எழுதக்கூடாது? ஆனால் விமரிசனத்துக்கு அளவுகோல் வேண்டும். ‘அருமை’ என்பதும் ‘குப்பை’ என்பதும் அளவுகோல் ஆகா. குறைந்த பணத்தில் முதன்முதலாகப் பந்தய சைக்கிள் வாங்கும் ஓர் இளைஞனுக்காகச் செய்யப்பட்ட வண்டியிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. காலின் உழைப்பை வீணாக்காமல் ஓடுகிறதா? நினைத்த இடத்தில் நிற்கிறதா? பழுதானால் சரிசெய்ய முடிகிறதா?

எந்தக் குடும்பத்துப் பிள்ளை?

பெழோ குடும்பத்தார் காப்பிக்கொட்டை அரைக்கும் ஆலைகளும் ரம்பங்களும் செய்து பெயர் பெற்றவர்கள். 1882-இல் சைக்கிள் செய்யத் தொடங்கினார்கள். பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் ‘டூர் தெ பிரான்ஸ்’ பந்தயம் 1903-இல் தொடங்கியது. அதில் 1975-இலும் 1977-இலும் வென்ற பெர்னார் தெவனே ஓட்டியது பெழோ வண்டிதான்.

அந்தப் புகழின் நிழலில்தான் மலிவு விலை வண்டிகள் விற்றன. பெழோவின் யூ.ஓ.8 என்ற மாதிரியும், மோத்தோபெக்கான், ழித்தான் நிறுவனங்களின் இதேபோன்ற வண்டிகளும் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சைக்கிள் மோகம் பரவியபோது கப்பல் கப்பலாக ஏற்றுமதியாயின. உறுப்புகளைச் செய்தவர்களும் பிரெஞ்சுக்காரர்களே. கியர் மாற்றி டிழோன் நகரத்து சிம்ப்ளெக்ஸ். பிரேக் கிளெர்மோன்-ஃபெரான் நகரத்து மஃபாக். சக்கர வளையம் ரிஜிடா. சக்கரக் குடம் நார்மண்டி. மாணவி கொண்டுவந்த வண்டியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

பந்தய வீரனின் வண்டிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பெழோவின் உயர்ந்த மாதிரியான பி.எக்ஸ்.10-இன் சட்டம் ரேனால்ட்ஸ் 531 என்ற கலப்பு எஃகுக் குழாயால் ஆனது. மலிவு வண்டியில் சாதாரணக் கரி எஃகுக் குழாய். இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஃகு விலை உயர்ந்ததானாலும் மலிவானதானாலும் யங் குணகம் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே உயர்ந்த எஃகு அதிக விறைப்பைத் தருவதில்லை. அதன் வலிமைதான் அதிகம். வலிமை அதிகமாக இருப்பதால் குழாயின் சுவரை மெல்லியதாக்கலாம். அதனால் எடை குறைகிறது. விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி இப்படிக் குறைத்த எடைக்குக் கொடுக்கும் பணமே.

முதல் கேள்வி: உழைப்பு வீணாகிறதா?

அந்த எடைக்குறைவு சமவெளியில் எவ்வளவு உதவும்? ஓட்டுபவரையும் வண்டியையும் சேர்த்து 70 கிலோ என்று கொள்வோம். அதில் இரண்டு மூன்று கிலோ குறைந்தால் மலையேறும்போதுதான் தெளிவாகத் தெரியும். பாகூர் ஏரிக்கரையிலும் நெட்டப்பாக்கம் சாலையிலும் மலை ஏது? சமவெளியில் வேகமாகச் செல்பவனுக்கு முதல் எதிரி காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு, அதை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. ஆகவே முதுகைத் தாழ்த்தி, காற்றுக்கு எதிரே நிற்கும் பரப்பைக் குறைக்கும் அந்த வளைந்த கைப்பிடியின் பயன், இரண்டு கிலோ எடைக்குறைவின் பயனைவிடப் பெரிது. அந்தக் கைப்பிடி வீரனின் வண்டியில் இருப்பது போலவே மலிவு வண்டியிலும் இருக்கிறது. இது நேர்மையான வடிவமைப்பு.

அடுத்தது கியர். முன்னால் இரண்டு பற்சக்கரங்கள், பின்னால் ஐந்து, மொத்தம் பத்து இணைகள். இந்த வண்டியின் பற்களை நாங்கள் எண்ணினோம். முன்னால் 52, 40. பின்னால் 14 முதல் 28 வரை. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.14 மீட்டர். 52-ஐயும் 14-ஐயும் இணைத்தால் பெடலை ஒரு சுற்று மிதிக்கும்போது வண்டி சுமார் 8 மீட்டர் போகும். 40-ஐயும் 28-ஐயும் இணைத்தால் சுமார் 3 மீட்டர். என் பழைய சைக்கிளில் முன்னால் 44, பின்னால் 18. எப்போதும் சுமார் 5.4 மீட்டர்தான். எதிர்காற்றிலும் அதுவே, பின்காற்றிலும் அதுவே. மனிதனின் கால் ஒரு குறிப்பிட்ட மிதிவேகத்தில்தான் நன்றாக உழைக்கும். அந்த மிதிவேகத்தை மாற்றாமல் வண்டியின் வேகத்தை மட்டும் மாற்றத் துணை செய்வது கியர்.

ஆனால் கியரை மாற்றும் கருவியில்தான் முதல் குறை இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் அதன் பெயருக்குத் ‘தடம்புரளச் செய்வது’ என்று பொருள். சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து தள்ளி அடுத்ததில் விழச் செய்கிறது. சிம்ப்ளெக்ஸ் தன் ‘பிரெஸ்டீஜ்’ கியர் மாற்றியைப் பெரும்பாலும் டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கால் செய்தது. டெல்ரின், அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1960-இல் சந்தைக்குக் கொண்டுவந்த பாலிஆக்சிமெத்திலீன். எண்ணெய் இல்லாமலே வழுக்கும். துருப்பிடிக்காது. எடையும் குறைவு. புதுப் பொருளைத் துணிந்து பயன்படுத்தியதைப் பாராட்டலாம். ஆயினும் நெடுநாள் இழுவிசையில் பிளாஸ்டிக் மெல்ல நெகிழும். வெயிலின் புற ஊதாக் கதிர் அதை நொறுங்கச் செய்யும். மாணவியின் வண்டியில் முன்பக்கக் கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் டெல்ரின் பட்டை, திருகாணியை ஒட்டி விரிசல் விட்டிருந்தது.

இதே காலத்தில் ஜப்பானின் சன்டூர் நிறுவனம் 1964-இல் சாய்ந்த இணைகர அமைப்புள்ள கியர் மாற்றியைக் காப்புரிமையோடு கொண்டுவந்தது. சங்கிலி பற்சக்கரங்களின் சரிவையொட்டியே நகர்வதால், எல்லாப் பற்சக்கரங்களிலும் மாற்றம் சீராக நடந்தது. விலையும் குறைவு. பிரெஞ்சுக்காரர்கள் பழைய பெருமையில் இருந்தபோது, முதல் சைக்கிள் வாங்கும் இளைஞனை ஜப்பானியர் கவர்ந்துகொண்டார்கள். மோத்தோபெக்கான் நிறுவனம் 1980களின் முற்பகுதியில் நொடித்துப் போனது.

இரண்டாம் கேள்வி: நிற்கிறதா?

மஃபாக் பிரேக்கைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது அதைச் செய்தவர் மேல் மதிப்பு வருகிறது. இரு நெம்புகோல் கைகள். அவற்றை ஒரு குறுக்குக் கம்பி நடுவிலிருந்து மேலே இழுக்கிறது. அதனால் இரு பக்கமும் ஒரே அளவில் அழுத்துகின்றன. பிரேக் கட்டையை உயர்த்தலாம், தாழ்த்தலாம், எந்தக் கோணத்திலும் திருப்பலாம். சில நேரம் கிரீச்சிடும் என்பதைத் தவிரக் குறை சொல்ல அதிகமில்லை.

ஆனால் அந்த நல்ல பிரேக் அழுத்துவது எதை? குரோமியம் பூசிய எஃகு வளையத்தை. காய்ந்திருக்கும்போது தொல்லையில்லை. நனைந்தால், வழவழப்பான குரோமியத்துக்கும் ரப்பருக்கும் இடையே நீர்ப்படலம் புகுந்துகொண்டு உராய்வை வெகுவாகக் குறைத்துவிடுகிறது. ஒரு கணக்குப் போடுவோம். மணிக்கு 20 கி.மீ. என்பது வினாடிக்குச் சுமார் 5.6 மீட்டர். பிரேக் பிடித்தால் வேகம் வினாடிக்கு 4 மீட்டர் வீதம் குறைகிறது என்று கொண்டால் வண்டி நிற்கச் சுமார் 4 மீட்டர் தூரம் போதும். நனைந்த வளையத்தில் உராய்வு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் தூரம் நான்கு மடங்காகி, 16 மீட்டரை நெருங்கும்.

இதைக் கரும்பலகையில் நான் எழுதிக் காட்டியபோது மாணவி சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகுதான் சொன்னாள்: முதல் நாள் தூறலில், மடுகரைச் சாலைத் திருப்பத்தில் எதிரே பேருந்து வந்தபோது இரண்டு பிரேக்கையும் முழுக்கப் பிடித்தும் வண்டி நிற்காமல், சாலையோரச் சேற்றில் இறக்கித்தான் தப்பித்திருக்கிறாள். வீட்டில் சொல்லவில்லையாம். தன் பிடி பலவீனம் என்றே நினைத்திருக்கிறாள். கணக்கு சொல்வது வேறு. அவள் கையில் குறையில்லை, வளையத்தில்தான் குறை.

அலுமினிய வளையம் அப்போது இல்லாத பொருளல்ல. அதே நிறுவனங்கள் விலை உயர்ந்த வண்டிகளுக்கு அதைத்தான் போட்டன. ஈரத்தில் அலுமினியம் எஃகைவிட எவ்வளவோ மேல். ஆகவே இந்த வகை வண்டியின் மீது நான் வைக்கும் மிகக் கடுமையான குற்றச்சாட்டு இதுவே: குறைந்த விலை கொடுத்தவனிடம், எடையைக் கூட்டியது மட்டுமின்றி, மழையில் நிற்கும் தூரத்தையும் கூட்டிவிட்டார்கள். நம் ஊர் கனமான சைக்கிளின் வளையமும் குரோமிய எஃகுதான் என்பது உண்மை. ஆனால் நம் வண்டியை யாரும் பந்தய வண்டி என்று சொல்லி விற்கவில்லை.

மூன்றாம் கேள்வி: பழுது பார்க்க முடியுமா?

பெடல் அச்சு சுழலும் குழாயின் வலப்பக்கக் கிண்ணம் தளர்ந்து, மிதிக்கும்போதெல்லாம் ‘கடக் கடக்’ என்றது. கடை அண்ணன் இருபது முப்பது ஆண்டு அனுபவமுள்ளவர். வழக்கம்போல் கிண்ணத்தை இடப்புறமாகச் சுற்றி முறுக்கினார். இறுகவில்லை. இன்னும் முறுக்கினார். கிண்ணம் கையோடு வந்துவிட்டது! ‘மரை செத்துப்போச்சு’ என்று முடிவு கட்டிவிட்டார்.

மரை சாகவில்லை. நம் நாட்டு சைக்கிள் தொழில் பிரிட்டிஷ் அளவுகளை ஒட்டி வளர்ந்தது. சென்னை அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனமே முருகப்பா குழுமமும் பர்மிங்காம் நகரத்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து உண்டாக்கியது. பிரிட்டிஷ் முறையில் வலப்பக்கக் கிண்ணத்துக்கு இடது மரை. இடப்புறம் சுற்றினால் இறுகும். பிரெஞ்சு முறையில் இரு பக்கமும் வலது மரை. இடப்புறம் சுற்றினால் கழலும். அண்ணனின் கைத்திறனில் பிழையில்லை. அவருக்குத் தெரிந்த மரை வேறு, வண்டியின் மரை வேறு.

வலப்பக்கத்துக்கு ஏன் இடது மரை வேண்டும்? அழகான இயற்பியல் இதில் இருக்கிறது. இடக்கை விரல்களைத் தளர்வாக மடக்கி, அந்தக் குழிக்குள் ஒரு பென்சிலை நிறுத்துங்கள். அதன் மேல்முனையை வலக்கை விரலால் தள்ளி, கைக்குள் பென்சில் குழியின் சுவரை ஒட்டியே உருளும்படி வட்டமாகக் கொண்டுசெல்லுங்கள். நீங்கள் வட்டமிடும் திசைக்கு எதிர்த்திசையில் பென்சில் தன்னைத்தானே சுற்றிக்கொள்வதைக் காணலாம். பெடல் மிதிக்கும்போது கிண்ணத்தின் மேல் விழும் விசையும் இப்படித்தான் வட்டமிடுகிறது. வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் அது கடிகார முள் திசையில் சுற்றும். ஆகவே கிண்ணம் அதற்கு எதிராக, மிக மெல்ல, இடப்புறம் நகர முயலும். இடது மரையானால் அது தானே இறுகும். வலது மரையானால் தானே தளரும்.

எவ்வளவு மெல்ல? கிண்ணத்தின் விட்டம் 35 மி.மீ., இடைவெளி 0.05 மி.மீ. என்று கொண்டால், ஒரு மிதிக்கு ஒரு சுற்றில் சுமார் 700-இல் ஒரு பங்கு. இறுக்கம் விட்டுப்போன கிண்ணம் ஆயிரம் மிதியில், அதாவது சுமார் 5 கி.மீ. தூரத்தில், ஒரு சுற்றுக்கும் மேல் கழன்றுவிடக்கூடும். பெரும் இறுக்கம் ஒன்றுதான் அதைத் தடுக்கிறது. இதை அறிந்திருந்தும் பிரெஞ்சுத் தொழில் பல பத்தாண்டுகள் வலது மரையையே வைத்திருந்தது. சுவிஸ் நாட்டார் அதே 35 மி.மீ. அளவில் வலப்பக்கத்துக்கு மட்டும் இடது மரை போட்டு, சிக்கலை எளிதாகத் தீர்த்திருந்தார்கள்.

இன்னும் பெரிய சங்கடம் அளவில். பிரெஞ்சுக் கிண்ணம் 35 மி.மீ., புரி இடைவெளி 1 மி.மீ. பிரிட்டிஷ் கிண்ணம் 34.8 மி.மீ., அங்குலத்துக்கு 24 புரி, அதாவது 1.058 மி.மீ. பெடல் அச்சு பிரெஞ்சில் 14 மி.மீ., பிரிட்டிஷில் 14.29 மி.மீ. கிராங்கைப் பிடிக்கும் காட்டர் பின் அங்கே 9 மி.மீ., இங்கே 9.5 மி.மீ. கைப்பிடித் தண்டு அங்கே 22 மி.மீ., இங்கே 22.2 மி.மீ. எல்லாம் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகள். முற்றிலும் பொருந்தாத உறுப்பால் கெடுதல் இல்லை. யாரும் அதை மாட்ட முயல மாட்டார்கள். கிட்டத்தட்டப் பொருந்துவதுதான் ஆபத்து. இரண்டு சுற்று உள்ளே போகும். பிறகு இறுகும். நீண்ட ஸ்பேனரும் வலுவான கையும் இருந்தால் மேலும் போகும். ஆனால் பத்துப் புரிக்குள் அரைப் புரிக்கு மேல் விலகிவிடுவதால் உள்ளே இருந்த மரை நசுங்கி அழிந்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகுக்கு மீட்டரைத் தந்த நாடு பிரான்சு. மீட்டர் அளவில் மரை வெட்டியது அறிவுக்குப் பொருந்தியதே. நம் நாடும் 1956-இல் மீட்டர் முறைக்குச் சட்டம் செய்தது. ஆயினும் நம் சைக்கிள் மட்டும் அங்குல மரையை விடவில்லை. நல்ல அளவுமுறை என்பதாலேயே ஓர் அளவு நிலைத்துவிடுவதில்லை. எந்த அளவில் செய்த உறுப்பு எந்தக் கிராமத்துக் கடையிலும் கிடைக்கிறதோ அதுவே நிலைக்கிறது. 1980களின் நடுவில் பிரெஞ்சுத் தொழிற்சாலைகளே பிரிட்டிஷ் மரைக்கு மாறின. பழைய வண்டிகள் அநாதையாயின.

சக்கரத்தில் கதை தலைகீழ். இந்த வண்டியின் வளையத்தில் ‘700 சி’ என்று பொறித்திருக்கிறது. டயர் அமரும் விட்டம் 622 மி.மீ. இதுவும் பிரெஞ்சு அளவுதான். ஆனால் இன்று உலகமெங்கும் சாலைப் பந்தய வண்டிகளின் பொது அளவே அதுதான். நம் ஊர்க் கடைகளில் விற்கும் புது வகை சைக்கிள்கள் பலவற்றிலும் அதுவே. இன்னொரு செய்தி: நம் 28 × 1½ அங்குல சக்கரத்தின் விட்டம் 635 மி.மீ. பிரெஞ்சு அட்டவணையில் அதன் பெயர் ‘700 பி’. அந்நியம் என்று நாம் ஒதுக்கும் வண்டியின் சக்கரம் நம் சைக்கிள் சக்கரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன்!

தீர்ப்பு

முதல் கேள்வியில் வண்டி நன்றாகவே தேறுகிறது. இரண்டாவதில், மழைக்காலத்தில் தோற்கிறது. மூன்றாவதில், விவரம் தெரியாத கையில் தோற்கிறது, தெரிந்த கையில் தேறுகிறது. ஆகவே பழம்பொருள்காரர் சொன்னதும் முழு உண்மையல்ல, கடை அண்ணன் சொன்னதும் முழு உண்மையல்ல. சுவரில் மாட்டினால் அதன் குறை யாருக்கும் தெரியாமல் போகும். எடைக்குப் போட்டால் அதன் நிறை யாருக்கும் தெரியாமல் போகும்.

கல்லூரி ஆய்வகத்து வெர்னியர் அளவியை எடுத்துக்கொண்டு நானும் மாணவியும் கடைக்குப் போனோம். “அண்ணே, பத்துப் புரியை அளந்து பாருங்க” என்று அவளே அளவியை நீட்டினாள். சரியாக 10 மி.மீ. கையிலிருந்த நம் ஊர்க் கிண்ணத்தில் 10.6. அண்ணன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பழைய கிண்ணத்தை மண்ணெண்ணெயில் கழுவி, மரைக்கென்று விற்கும் பசை தடவி, வலப்புறமாகச் சுற்றி, முழு பலத்தோடு முறுக்கினார். இறுகியது. சட்டத்தில் புது மரை வெட்டும் யோசனையைக் கைவிட்டோம். துளை ஏற்கெனவே பிரிட்டிஷ் அளவைவிடப் பெரிது. அங்கே வெட்டினால் பிடிக்க உலோகம் மிஞ்சாது. காட்டர் பின்னை வில்லியனூர் லேத் பட்டறையில் 9 மி.மீட்டருக்குக் கடைந்து வாங்கினோம். பின்னை அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாய் ஒன்றை முட்டுக்கொடுத்தோம். முட்டில்லாமல் அடித்தால் அடி முழுவதும் பால்ரஸ் வழியாகக் கிண்ணத்தில் விழுந்து பள்ளம் உண்டாக்கும். எஃகு வளையங்களைக் கழற்றிவிட்டு, பழைய குடத்திலேயே 700 சி அலுமினிய வளையங்களைக் கோத்தோம். விரிசல் விட்ட முன் கியர் மாற்றியை எடுத்துவிட்டோம். ஐந்து கியர் நம் சமவெளிக்குத் தாராளம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு சைக்கிளின் பற்களை எண்ணி, ஒரு மிதிக்கு எத்தனை மீட்டர் போகிறது என்று கணக்கிடுங்கள். பாதுகாப்பான வெற்றிடத்தில், மெதுவான வேகத்தில், காய்ந்த வளையத்திலும் நனைத்த வளையத்திலும் வண்டி நிற்கும் தூரத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டு அளந்து பாருங்கள். மழைக்காலத்தில் எவ்வளவு தூரத்துக்கு முன்பே பிரேக் பிடிக்க வேண்டும் என்பதை அந்தக் கோடு சொல்லும்.

மாணவி இப்போது அந்த வண்டியில்தான் கல்லூரிக்கு வருகிறாள். வலப்பக்கக் கிண்ணத்தின் அருகே சட்டத்தில் மஞ்சள் வண்ணத்தில் ஒரு சிறு அம்புக்குறி இருக்கிறது. எந்தப் பக்கம் சுற்றினால் இறுகும் என்று, நாளை வேறு ஊரில் வேறு ஒருவர் ஸ்பேனர் போடும்போது தெரிய வேண்டும் என்பதற்காகக் கடை அண்ணனே எழுதியது.